இன்ஜின் இறக்கும் படலம்

வரி குறைவு என்பதால் காரைக்காலில் மலிவாகக் கிடைக்கும் திரவங்கள் இரண்டு. ஒன்று வண்டிக்கு ஊற்றுவது. மற்றது வண்டி ஓட்டாத நேரத்தில் ஆள் ஊற்றிக்கொள்வது. இரண்டுக்காகவும் நாகூரிலிருந்தும் பொறையாறிலிருந்தும் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை தாண்டி வருவது ஊரறிந்த செய்தி. காருக்குள் ஓடுகிற மூன்றாவது திரவம் ஒன்று உண்டு. அதன் பெயர் கூலன்ட். அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. அதனாலோ என்னவோ, பலர் அதை வாங்குவதே இல்லை. ரேடியேட்டரில் குறைந்தால் குழாயடியில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீரோடு காரியம் முடிந்துவிடுகிறது. கடலோரத்தில் போர் போட்டு எடுத்த தண்ணீரில் பருப்பே வேகாது. அதை அலுமினியத்தின் மேல் மாதக்கணக்கில் ஓடவிட்டால் உப்பு படியும், ரேடியேட்டரின் சன்னக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், வாட்டர் பம்ப்பின் இறக்கை அரித்துப்போகும். இதற்கிடையில் யாரோ ஒரு புண்ணியவான், “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிப் போட்டிருப்பார். ஒருநாள் வாஞ்சூர் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டுபவர் மிதிப்பார். நம் விவகாரம் பிறப்பது அந்த இரண்டு கிலோமீட்டரில்தான்: இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வாங்கி ஏற்றுவதா?

இதற்குக் கூடும் சபை, பெண் பார்க்கப் போகும் சபையைவிடப் பெரியது. “வேற இன்ஜின் போட்டுடுங்க மச்சான், தலைவலி விட்டுது” என்பார் மைத்துனர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர், “பெஜோவுல இதெல்லாம் வராது” என்பார். அவர் அந்தப் பிரெஞ்சுக் காரைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. மெக்கானிக் பனியன் துணியில் கையைத் துடைத்தபடி, “நீங்க எது சொன்னாலும் செஞ்சுடலாம் சார்” என்பார். எது நடந்தாலும் தான் பொறுப்பில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. இத்தனை பேரில் ஒருவரும் இன்னும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்திருக்கவில்லை என்பதுதான் விசேஷம். ‘இன்ஜின் போச்சு’ என்பது ஒப்பாரி; அது நோயின் பெயர் அல்ல. என் கட்சி இதுதான்: முடிவைச் சொல்ல வேண்டியது மைக்ரோமீட்டர். அளந்து பார்த்துவிட்டால், பெரும்பாலும் உங்கள் பழைய இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதே ஜெயிக்கும்.

அளப்பது என்றால் என்ன? சூடேறிச் செத்த இன்ஜினில் முதலில் போவது ஹெட் கேஸ்கெட். அடுத்து ஹெட் வளையும். கழற்றிய ஹெட்டின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கிறார்கள். பல கார்களின் கையேடு அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவில்தான். தலைமயிர் அதைவிடத் தடிமன். அதற்கு மேல் கொஞ்சம் போயிருந்தால் லேத்தில் கொடுத்து முகம் இழைத்துவிடலாம், ஹெட்டையே தூக்கிப்போட வேண்டியதில்லை. பிறகு சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று குறுக்கும் நெடுக்குமாக அளந்தால், துளை வட்டமாக இருக்கிறதா, தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். தேய்ந்திருந்தால் போரிங் செய்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்கில் கோடு விழுந்திருந்தால் அதையும் கிரைண்டிங் செய்து அளவு குறைந்த பேரிங் போடலாம். ஒருநாள் பிரிப்பார்கள் என்று செய்தவர்களே எதிர்பார்த்து, அதற்கான உதிரிபாகங்களோடு பிறக்கவைத்த பொருள் இது. நம் வீட்டு மிக்சியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அளப்பதால் இன்னொரு லாபம், சாவுக்குக் காரணம் தெரிவது. திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால் இங்கே காரணம் தேடும் பழக்கம் சற்றுக் குறைவு. ஏழரை என்று சொன்னால் கதை முடிந்தது. சனி பகவான் தலையில் கட்டப்பட்ட பழிகளில் கணிசமான பங்கு தெர்மோஸ்டாட் வால்வுக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம். அந்தத் தலத்துக் கதையின் நாயகனான நளனே தேரோட்டியாகப் பிழைத்த காலத்தில், ஒரே நாளில் நெடுந்தூரம் போக வேண்டுமென்று அரசன் சொன்னபோது, லாயத்துக்குப் போய்க் குதிரைகளைச் சோதித்துப் பொறுக்கிய பிறகுதான் தேரில் பூட்டினான். அப்போதும் அவனைச் சனி பிடித்துத்தான் இருந்தது. காரணம் பார்க்காமல் இன்ஜினை மட்டும் மாற்றினால், அடைத்துப்போன அதே ரேடியேட்டர் புது மருமகனையும் பழைய மாதிரியே கவனிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் சாவின் வகை வேறு. டெல்டா தரை தாம்பாளம் போலத் தட்டை. பெய்த மழைக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது, சாலையிலேயே நின்றுவிடும். அதில் காரை விட்டால் ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. காற்றை அழுத்தப் பழகிய பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, ஆகவே கனெக்டிங் ராடு வளையும். நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றினால் பல இன்ஜின்கள் பிழைத்துவிடும். ஆனால் சாவியைத் திருப்பாமல் இருக்கும் அளவுக்கு மனவலிமை உள்ளவரைச் சித்தர்களில்தான் தேட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதை அறியும். வெள்ளம் இயற்கைச் சீற்றம், சாவி திருப்பியது நீங்கள் என்று பிரித்துப் பேசும். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தாலொழியக் கை விரிக்கும்.

சரி, மாற்று இன்ஜின் எங்கிருந்து வரும்? சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து, அல்லது புதுப்பேட்டை போன்ற ஓரிடத்திலிருந்து. மாங்கனித் திருவிழா கொண்டாடுகிற ஊருக்கு இதில் ஒரு முன்மாதிரி உண்டு. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு பழங்களில் ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்ட புனிதவதியார், இறையருளால் வந்த மாற்றுப் பழத்தைக் கணவனுக்கு வைத்தார். தின்றவன் கேட்ட கேள்வி, ‘இது எங்கே கிடைத்தது?’ மாற்று அசலைவிட ருசியாக இருந்தும் அவன் கேட்டான், வணிகன் அல்லவா! பழைய இன்ஜின் வாங்குகிறவர் அதே கேள்வியைக் கேட்டால் அங்கேயும் தெய்வ அருள் என்கிற மாதிரித்தான் பதில் வரும். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை சூடேறியது, ஆயில் மாற்றினார்களா என்பதற்குச் சாட்சி கிடையாது. உங்கள் இன்ஜினின் குறை உங்களுக்குத் தெரியும். காசு கொடுத்து அடுத்தவர் குறையை வாங்குவது என்ன வியாபாரம்?

அத்தோடு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. காரைக்காலிலிருந்து அதிக தூரமில்லாத சாத்தனூரில், மாண்டு கிடந்த இடையன் மூலனின் உடலுக்குள் ஒரு யோகியார் புகுந்தார், திருமூலர் ஆனார். பசுக்கள் மகிழ்ந்தன. மூலனின் மனைவி மட்டும் சும்மா விடவில்லை, ஊர்ச் சான்றோரைக் கூட்டி வழக்குரைத்தாள். உடம்பின் எண் சரி, உள்ளே இருக்கும் எண் வேறு! 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அந்தச் சான்றோர் சபையின் இன்றைய வடிவம்: இன்ஜினை மாற்ற முன்அனுமதி வேண்டும், அனுமதியின்றி மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. நாலாவது கியர் விழுவதற்குள் மாநிலம் மாறிவிடும். பி.ஒய். 02 என்று பலகை போட்டுக்கொண்டு, தமிழ்நாட்டில் ஸ்கிராப்பான வண்டியின் இன்ஜினை பில் இல்லாமல் சுமந்து திரிவது, திருட்டு நகையை அணிந்துகொண்டு காவல் நிலையத்துக்கு எதிரே குடியிருப்பதுதான்.

இங்கே எதிர்க்கட்சி அம்பாசடரைக் கொண்டுவரும். மேட்டடார் டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டு எத்தனை அம்பாசடர்கள் ஓடின! உண்மைதான். ஆனால் அவை பெட்ரோல் செலவுக்காக மாற்றப்பட்டவை. அம்பாசடரின் பானெட்டுக்குள் ஒரு மெக்கானிக் சம்மணமிட்டு உட்காரவும் இடமிருந்தது. இன்றைய காரில் இன்ஜின், அதன் கம்ப்யூட்டர், சாவிக்குள் இருக்கும் சில்லு எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுத்தான் பேசும். தவிர, அம்பாசடரின் உற்பத்தியே 2014இல் நின்றது. அந்தப் பெயரை 2017இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமோ? பெஜோ! பிரெஞ்சு ஆட்சி 1954இல் போன பிறகும் இந்தியாவில் ஏதாவது ஒன்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமென்று தோன்றியிருக்கும். வண்டி இன்னும் வரவில்லை. பென்ஷன் பெரியவர் காத்திருக்கிறார்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. “ஒண்ணரை லட்சம் பெறுமான வண்டிக்கு எண்பதாயிரத்துக்கு வேலையா?” ஒரு பேச்சுக்கு இந்தத் தொகையையே வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் ஓடுகிற வண்டியின் விலை. நிற்கிற வண்டிக்கு நாற்பதாயிரம் கிடைத்தால் அதிகம். அதை விற்றுவிட்டு இதே போல ஒன்று வாங்கினால் கையிலிருந்து போவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அந்த வண்டிக்குள் இருக்கும் இன்ஜினின் ஜாதகமும் நமக்குத் தெரியாது. கணக்கு தோற்கும் இடம் ஒன்று உண்டு. உப்புக் காற்று கீழ்த்தகட்டைத் தின்றிருந்தால் எந்த இன்ஜின் வேலையும் வீண். ஆகவே பணம் எடுக்குமுன் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். பதினைந்து வயது நெருங்கும் வண்டி என்றால், 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏறிய பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கலாம்.

“கை வச்ச இன்ஜின் கை வச்சதுதான்” என்கிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ட இன்ஜின்களில், ஒருமுறை முறுக்கியதும் நீண்டுவிடும் ஹெட் போல்ட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள். போரிங் தூளை ஆயில் பாதையிலிருந்து கழுவியிருக்க மாட்டார்கள். டூப்ளிகேட் ரிங் போட்டுப் பத்து நாளில் புகை தள்ள வைத்திருப்பார்கள். குறை செய்தவரின் கையில். லேத் வேலைக்குக் கும்பகோணமோ தஞ்சாவூரோ போக வேண்டியிருந்தால், ‘நாளைக்கு’ என்று அங்கே சொல்லும் சொல்லுக்குக் காலண்டரில் இடம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தாமதம் எரிச்சலூட்டும். ஆனால் புதுப்பேட்டை இன்ஜினும் வந்திறங்கிய பிறகு, “எதுக்கும் பிரிச்சுப் பார்த்துடலாம் சார்” என்ற சொல்லோடு அதே லேத்துக்குத்தான் போகிறது.

வேறு இன்ஜின்தான் வழி என்கிற சமயங்களும் இல்லாமல் இல்லை. ராடு உடைந்து பிளாக்கின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அளக்க ஏதுமில்லை. மாருதியின் கே வரிசை போல பிளாக்கே அலுமினியமாக இருக்கும் இன்ஜின்களில், சுற்றுவட்டாரத்தில் கை தேர்ந்த லேத் கிடைக்காவிட்டால், கம்பெனியிலிருந்து புது ஹாஃப் இன்ஜினை பில்லோடு வாங்குவதே நிம்மதி. அப்படி மாற்றுகிறவர் மறக்காமல் தம் பழைய இன்ஜினைத் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பொத்துப்போன பிளாக் எடைக்குப் போகும். அதன் ஹெட்டும் பம்ப்பும் கழுவித் துடைக்கப்பட்டு ஏதோ ஒரு கடை வாசலில் உட்காரும். அதன் எதிரே நின்று வேறொருவரின் மைத்துனர் விலை பேசிக்கொண்டிருப்பார். கடைக்காரர் சொல்வார்: “டாக்டர் வச்சிருந்த வண்டி சார், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு.”