மாவுக் குண்டானும் மஸ்கடேவும்

கத்திரி வெயிலில் களம்பூர்க்காரனுக்கு மிச்சமிருக்கிற ஒரே சுகம், மத்தியானம் மூன்று மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நிற்பது. எதையும் எடுக்க வேண்டியதில்லை. "கதவை மூடுங்க, கூலிங் போயிடும்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்வரை சும்மா நிற்கலாம். போன வாரம் அதிலும் மண் விழுந்தது. கதவைத் திறந்தால், நட்டநடுத் தட்டில் ஒரு பாட்டில் குறுக்கே படுத்திருக்கிறது. மோர்ச் சொம்பு வெளியே மேடையில் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

எல்லாம் அக்கா மகன் செய்த வேலை. பிரான்சில், துலூசில் உத்தியோகம். முன்பெல்லாம் லீவில் வந்தால் சாக்லேட் கொண்டுவருவான். ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறங்குவதற்குள் அது உருகிப் பாயசமாகியிருக்கும், பிரச்சினை அதோடு முடிந்தது. (ஸ்டேஷன் இருப்பது களம்பூரில், பெயர் மட்டும் ஆரணி ரோடு. அந்த வயிற்றெரிச்சல் தனிக் கதை.) இந்த முறை ஒயின். விமானத்தில் வருகிறவருக்கு 2 லிட்டர் வரைதான் வரியில்லாமல் விடுவார்கள், முக்கால் லிட்டர் பாட்டில் மூன்று வைத்தால் தாண்டிவிடும் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டானாம். சுங்கத் துறை நன்றாக இருக்கட்டும்.

ஒன்று மஸ்கடே, இன்னொன்று பிக்பூல். ஷாம்பெய்ன், போர்தோ என்று சினிமா புண்ணியத்தில் நமக்குத் தெரிந்த பெயர் எதுவும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் எல்லாரும் குடிக்கிறது மாமா. இது தெரிஞ்சவங்க குடிக்கிறது" என்றான். தெரிந்தவர்களின் தொல்லை நமக்கென்ன புதிதா? காபியில் வந்தது, தேனில் வந்தது, மரச்செக்கு எண்ணெயில் வந்தது. ஒயின் ஒன்றுதான் பாக்கி. நம் பக்கத்து ஒயின் ஷாப்பில் போய் ஒயின் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்பதால் இத்தனை நாள் தப்பித்திருந்தோம்.

மஸ்கடே, லுவார் ஆறு அட்லாண்டிக்கில் போய் விழுகிற நாந்த் நகரத்துப் பக்கம் விளைகிறது. 1709 குளிர்காலத்தில் பிரான்சில் திராட்சைக் கொடிகள் உறைந்து செத்த பிறகு, பனியைத் தாங்குமென்று மெலோன் என்கிற ரகத்தை அங்கே நிறைய நட்டார்கள். அந்தத் திராட்சையில் செய்வதுதான் இது. பனிக்குப் பேர்போன சரக்கைத் தேடிப்பிடித்துக் களம்பூர் மே மாதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான் பிள்ளை. பிக்பூல், தெற்கே மத்தியதரைக் கடலோரம் தோ காயலை ஒட்டி விளைவது; சிப்பியோடு சாப்பிட வேண்டுமாம். சிப்பிக்கு நான் எந்த ஏரியில் இறங்குவது?

இவ்விரண்டில் நம் வெயிலுக்கு எது தோது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு. அதிலுள்ள இடமெல்லாம் பாகப்பிரிவினை முடிந்து பத்திரம் பதிந்த சொத்து. மேல் தட்டு பாலுக்கும் தயிருக்கும். நடுத்தட்டு மாவுக் குண்டானுக்கு. அதைப் பூகம்பம் வந்தாலும் நகர்த்தக்கூடாது. மல்லி கோடையில் மலிவு என்பதால் பூ டப்பா இரண்டு. காய்கறி டிராயரில் காய்கறி தவிர எல்லாம் இருக்கும். கதவில் அம்மாவின் இன்சுலின், அதற்குப் பக்கத்தில் யாரும் உரிமை கோராத ஒரு தக்காளி சாஸ்.

பாட்டிலைக் கதவில் நிறுத்தலாமே என்றேன்.

"ஆடும் மாமா. ஒயின் அசையக்கூடாது. படுக்கப் போடணும், அப்பத்தான் தக்கை காயாம இருக்கும்."

"ஏன், அதுக்கு எழுந்து நிக்க முடியாதாமா?" என்றாள் வீட்டுக்காரி.

அது படுத்தது; குண்டான் வெளியேறியது. கத்திரியில் வெளியே வைத்த மாவு என்ன செய்யுமோ அதைச் செய்தது. அந்த வாரம் பூரா தோசை வாயில் வைக்க முடியாத புளிப்பு. சாயங்காலம் கரண்ட் போனது. அவன் பாட்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எட்டிலிருந்து பத்து டிகிரிக்குள் இருக்க வேண்டுமே என்று தவித்தான். அதே பெட்டியில் அவன் பாட்டியின் இன்சுலின் இருந்தது. அதற்காக ஒரு ஜீவனும் தவிக்கவில்லை. இதை நான் வேடிக்கைக்காக எழுதவில்லை.

"பிரான்சுல பூமிக்கடியில நிலவறை இருக்கும் மாமா, வருஷம் பூரா ஜில்லுனு. நம்ம ஊர்ல அப்படி எதுவுமே கிடையாதா?"

இருக்கிறதே, தறிக்குழி. பக்கத்து வீட்டுத் தம்பி பட்டுத் தறி நெய்கிறவன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காற்று காய்ந்தால் இழை அறும் என்று சுற்றிலும் தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பதால், கத்திரியில் தெருவிலேயே குளுமையான இடம் அந்தக் குழிதான். பிக்பூலை மிதி இடிக்காத மூலையில் படுக்க வைத்துவிட்டு வந்தோம்.

மஸ்கடேவை மறுநாள் மொட்டை மாடியில் திறந்தான். கிளாசும் குளிர்ந்திருக்க வேண்டுமென்று காலையிலேயே அவற்றை ஃபிரிட்ஜில் வைத்தாகிவிட்டது. ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினான்.

"வெள்ளைப் பூ வாசனை."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"அப்புறம் லேசா புளிச்ச மாவு. ஈஸ்ட் மாமா. இந்த ஒயினை மாசக்கணக்கா வண்டல் மேலயே வெச்சிருப்பாங்க, அதான்."

"பூ காலையில வாங்கினது" என்றாள் அவள், என் காதருகில்.

"கடைசியா ஏதோ ஒண்ணு... சொல்லத் தெரியல. கடலோர வாசனை."

"நேத்து மிஞ்சின கருவாட்டுக் குழம்பு."

அந்த நேரம் எதிர்வீட்டு அரிசி மண்டிக்காரர் படியேறி வந்தார். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுந்த அரிசியை ஊதி, ஒன்றைப் பல்லில் கடித்து, அறுத்து எத்தனை மாதம் என்று சொல்கிற மனிதர். ஒரு மடக்கு குடித்தார்.

"புதுசு."

"ஆமா சார், இதை இளசாவே குடிக்கணும்."

"புது அரிசி சோறு குழையும் தம்பி. மூட்டையத் திருப்பி அனுப்பிடுவாங்க."

நாக்கை வைத்துப் பிழைக்கிறவர். பூ, கல், கடல் என்று அவர் ஒருநாளும் பேசி நான் கேட்டதில்லை. குழையும், குழையாது, இரண்டே சொல்லில் லட்ச ரூபாய் சரக்கு கைமாறும்.

எனக்கு எப்படி இருந்தது என்கிறீர்களா? புளிப்பாக, சில்லென்று, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. அதுதான் எரிச்சல். பிரெஞ்சுக்காரர்கள் ஆரணிப் பக்கம் வந்து கிளைவிடம் தோற்றது 1751 டிசம்பரில். கத்திரியில் வந்திருந்தால் கிளைவுக்கு வேலையே இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிரெஞ்சுத் திராட்சைதான் வேண்டுமென்றால், 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை கம்பத்திலிருந்து வருகிறது. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தள்ளுவண்டியில் நிறுத்து வாங்கிக் கொட்டையைத் துப்பிக்கொண்டே நடக்கலாம். "அது சும்மா தின்கிற பழம் மாமா" என்றான். தின்பதில் என்ன கேவலமோ.

அவன் ஊருக்குப் போய்விட்டான். குண்டான் நடுத்தட்டுக்குத் திரும்பிவிட்டது. பிக்பூலை எடுத்து வரலாமென்று பக்கத்து வீட்டுக்குப் போனால், தம்பி குழிக்குள்ளிருந்து நிமிரவே இல்லை.

"அது இங்கியே இருக்கட்டுண்ணா. பாதத்தை மேல வெச்சா ஜில்லுனு கீது."

நேற்று துலூசிலிருந்து போன். "இன்னுமா குடிக்கல? வெயில் போறதுக்குள்ள குடிச்சிடுங்க மாமா, அது சம்மர் ஒயின்."

"தறியில முகூர்த்தப் புடவை இருக்குதுப்பா, அறுக்கட்டும்" என்றேன்.