நேற்றுவரை இருந்த பறவை: ரிவர்ஸ்டன் ஈரநிலங்களை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம் வளைந்து வளைந்து மேலேறி, தேயிலை முடிந்து காடு தொடங்கி, அக்காடும் காற்றுக்கு அஞ்சிக் குனிந்து குள்ளமாகிப்போன ஒரு கணவாயில் வந்து மூச்சு வாங்குவோர்க்கு ரிவர்ஸ்டன் என்னும் ஸ்தலத்தை அறிமுகம் செய்ய வேண்டிய அவசியமில்லை. அங்கு செல்லாதார்க்கு அறிமுகம் செய்வதாலும் பெரும் பயன் விளையாது, ஏனெனில் மூடுபனி இறங்கிய நாளில் அங்கே நிற்பவருக்குத் தம்முடைய பாதரட்சைக்கு அப்பால் யாதொன்றும் தென்படுவதில்லை. துரைமார் நக்கிள்ஸ் என்றும் சிங்கள மக்கள் தும்பறை என்றும் வழங்கும் மலைத்தொடரின் வடபாகமாகிய இவ்விடம் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனத்தின் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டதும், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதும் யாவரும் அறிந்தவை. ஆயின் அங்குள்ள பறவைகளுள் மிக அதிகமாகப் பேசப்படுவதும், எல்லாப் பருவங்களிலும் தவறாது வசிப்பதுமான ஓர் இனம், வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலிலும் இடம்பெறவில்லை, ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட கையேட்டிலும் இடம்பெறவில்லை. நேற்று இருந்து இன்று இல்லாத பறவையே அவ்வினம். இக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இத்தகைய கட்டுரைகளின் முகப்பில் சத்திமுத்தப் புலவரையும் அவர் தூதுவிட்ட நாரையையும் வரவழைத்து நிறுத்துவது நம்மவர் சம்பிரதாயம். மதுரையின் வாடைக்கே மேலாடையின்றி நடுங்கிய அப்பெரியாரை ரிவர்ஸ்டன் கணவாயிற் கொண்டுவந்து நிறுத்துவது ஜீவகாருண்யத்துக்கு ஒவ்வாதாகையால், அவரை மதுரையிலேயே விட்டு மேலே செல்வோம்.

முதற்கண் ஈரநிலம் யாதென வரையறுத்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி ஈரான் தேசத்து ராம்சார் நகரில் ஏற்பட்டதும், இலங்கை 1990இல் சேர்ந்துகொண்டதுமான உடன்படிக்கையின்படி, இயற்கையாயினும் செயற்கையாயினும், நிலையாயினும் தற்காலிகமாயினும், நீர் தேங்கி நிற்பினும் ஓடினும், அது ஈரநிலமே. கடல்நீராயின் மாத்திரம் வற்றுக்காலத்து ஆழம் 6 மீற்றரை மிஞ்சலாகாது. இத்துணை தாராள மனத்தோடு இலக்கணம் வகுத்தவர்கள் நமது மலைவீதிகளைக் கண்டிருந்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. எனினும் மழைக்காலத்தில் அவ்வீதிகளின் வளைவுகளில் தோன்றும் குழிகள் செயற்கையானவை, நீர் தேங்குபவை, தற்காலிகமானவை (இம்மூன்றாவது அம்சத்தில் அதிகாரிகளுக்கும் பிரயாணிகளுக்கும் அபிப்பிராய பேதம் உண்டு). ஆகவே அவையும் ஈரநிலங்களேயாம். கடலோரம் அன்றாகையால் ஆழம் பற்றிய நிபந்தனையும் அவற்றைக் கட்டுப்படுத்தாது.

இக்குழிகளினும் சிறிய ஈரநிலம் ஒன்று பிட்டவல பத்தனை என்னும் புல்வெளியின் பக்கத்துப் பாறைகளில் உண்டு. மண் மெல்லிதாகப் படிந்து, புல் ஓரளவுக்கு மேல் உயர மறுக்கும் அவ்வெளியின் ஓரங்களில், எங்கிருந்தோ கசியும் நீர் பாறைமேல் ஒரு படலமாக வழிந்துகொண்டிருக்கும். நக்கிள்ஸ் தொடரையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு பாறைத்தவளையின் தலைப்பிரட்டைகள், நீந்துவதற்குப் போதிய நீர் வேண்டுமென்று அடம்பிடியாமல், பாறையைப் பற்றிக்கொண்டு அந்த ஈரத்திலேயே ஊர்ந்து வளர்கின்றன. குனிந்து பார்ப்பவர்க்கு முதலிற் பாசியின் நிறம் ஒன்றே தெரியும்; சற்றுப் பொறுத்தால் பாசியின் ஒரு துணுக்கு நகரும். தூரத்து மலைகளைப் படமெடுக்க வருவோர் பெரும்பாலும் இதன்மேல் ஏறி நின்றே எடுக்கிறார்கள். எஞ்சிய ஈரநிலங்களாகிய தெல்கமு ஓயா என்னும் ஆறும், இலுக்கும்புர பக்கத்துப் படிக்கட்டு வயல்களும் நமது ஆராய்ச்சிக்குள் அவ்வப்போது வந்துபோகும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பறவையை எப்பிரமாணத்தால் நிலைநாட்டுவது என்ற கேள்வி எழும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அளவைகள் பத்தினை எண்ணி, அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடித்தார். ரிவர்ஸ்டனில் காண்டல் என்பது பெரும்பாலும் பனியைக் காண்டலேயாகும். புகை கண்டு நெருப்பை அனுமானிப்பது போல எச்சம் கண்டு பறவையை அனுமானிக்கலாமெனினும், மழை எச்சத்தையும் உடனுக்குடன் கழுவிவிடுகிறது. எஞ்சுவது உரை. அதிலும், இம்மரத்தில் ஒரு பேய் உண்டென்று வழிவழியாகச் சொல்லிவரும் ஐதிகம் என்ற வகையே நமக்குப் பெரிதும் பயன்படுவது. பேய் இருந்த இடத்தில் பறவையை வைத்துக்கொண்டால் போதும். மரத்தை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வகை உரைக்கு மூலஸ்தானம் வீதியோரத்துத் தேநீர்க் கடை. ரிவர்ஸ்டன் வழியில் அத்தகைய கடையொன்றில் ஒரு முதியவரிடம் விசாரித்தபோது கிடைத்த சாட்சியத்தை எழுத்துப் பிசகாது இங்கே தருகிறேன்.

"நேத்து வந்திருக்கணும் சேர். இந்தா, இந்தப் பாலத்துக் கிட்டத்தான் நின்னுச்சு. கல்லு எடுத்துப் போட்டாலும் போகாது போல."

"என்ன நிறம் ஐயா?"

"நெறமா? நல்ல நெறம் சேர்."

"எவ்வளவு பெரிது?"

"உக்காந்திருக்கையில சின்னது. பறக்கையில பெருசு."

"குரல் எப்படி?"

"அது கத்தல சேர். கத்தினா பறந்துருமே."

வித்துவான்கள் இச்சாட்சியத்தில் குற்றம் காணக்கூடும். ஆயின் நிறம், பருமன், குரல் என்னும் மூன்றும் ஒரு திட்டமான இனத்தோடு பொருந்தாமை ஒன்றினாலேயே இது இதுவரை விவரிக்கப்படாத தனியினம் என்பது பெறப்படுகிறதல்லவா? அன்றியும், பிளேன்டீக்குச் சீனி போதுமா என்று கேட்ட அதே நிதானத்தோடு அம்முதியவர் இதைச் சொன்னார். பொய் சொல்பவர் அத்துணை நிதானமாகச் சொல்வதில்லை.

பருவங்களுக்கு வருவோம். நக்கிள்ஸ் தொடர் இரு பருவக்காற்றுகளுக்கும் குறுக்கே நிற்பதால், வாடையில் அதன் கிழக்குச் சரிவும் சோளகத்தில் மேற்குச் சரிவும் முறைவைத்து நனைகின்றன. ஐப்பசியிலிருந்து தை வரையிலான வாடை மாதங்களே ஈரநிலப் பறவைகளின் மகோன்னத காலம். பெரும்போகத்துக்காக வயல்களில் நீர் கட்டப்பட்டு, உழுத சேற்றின்மேல் உண்ணிக்கொக்குகள் நடந்து திரிய, வரம்போரப் புதரிலிருந்து கானாங்கோழி தன் குடும்பத் தகராற்றை ஊரறியச் செய்யும். சைபீரியப் பனிக்காட்டிலிருந்து உள்ளான் வந்து சேர்வதும் இக்காலத்திலேயாம். இப்பறவை நமது சித்தாந்தத்துக்குக் கிடைத்த பெரும் பொக்கிஷம். வைக்கோலும் சேறும் கலந்த நிறத்தில் வரம்படியில் அசையாது பதுங்கியிருந்து, மனிதக் காலடி மிக அணுகிய பின்னரே விருட்டென்று கிளம்பிக் கோணல்மாணலாகப் பறந்து மறைகிறது. ஆகவே அதை இருந்த பறவையாக அறியலாமேயன்றி இருக்கின்ற பறவையாக அறிதல் அரிது. அதன் வாலோர இறகுகள் ஊசிபோல் மெலிந்திருத்தலே அதை அதன் உறவினர்களிடமிருந்து பிரித்தறியும் அடையாளமென்று நூலோர் கூறுவர். அவ்விறகுகளைப் பார்ப்பதற்கு உள்ளானைக் கையிற் பிடித்து வாலை விரிக்க வேண்டும். அதற்கு அது சம்மதிப்பதில்லை.

மாசி, பங்குனியில் வானம் தெளிகிறது; பார்ப்பவர் தொகை பெருகுகிறது; பறவைகளின் தொகை குறைகிறது. சித்திரையோடு வலசை வந்தவை வடக்கே போய்விடும்.

வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று. இக்காலத்தில் ரிவர்ஸ்டன் கணவாயில் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொள்வது ஒருவகை ஹடயோகம். கண்ணாடியும் நடுங்கும், அதைப் பிடித்த கையும் நடுங்கும், காட்டப்படுகின்ற மரமும் நடுங்கும், மூன்றும் ஒரே தாளத்தில் நடுங்கும் அபூர்வ க்ஷணத்தில் மாத்திரமே காட்சி சித்திக்கும். கருங்கழுகு ஒன்றே இக்காற்றைத் தனக்கென்று ஏற்பட்டதாகப் பாவித்து, இறக்கையை அசையாது விரித்து, மர உச்சிகளைத் தடவுவது போல மெல்லச் செல்கிறது. மற்றவற்றைப் பற்றிக் கேட்டால், "தை மாசம் வந்திருக்கணும் சேர்" என்பதே விடை. இங்கு ஒரு முக்கியமான விதி புலனாகிறது. நேற்று எனப்படுவது பங்குனியில் அன்று காலையைக் குறிக்கும். கார்த்திகையில் முந்திய நாளைக் குறிக்கும். ஆனியில் ஐந்து மாதங்கள் வரை நீளும். பஞ்சாங்கம் கணிப்போர் இதைக் கவனத்திற் கொள்வது நலம்.

இனி பூர்வபட்சம். காணாத பறவை இல்லாத பறவையே என்று சில நாஸ்திகர் வாதிப்பர். அவர்களுக்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் கூறுவேன். மலையருவிகளின் ஓரத்து இருண்ட காட்டில் அந்தியிலும் வைகறையிலும் கீச்சென்று ஒரு சீழ்க்கையை எழுப்பிவிட்டு மறையும் இலங்கைச் சீகாரப் பூங்குருவியைச் சாமுவேல் பிளை என்னும் காப்பித்தோட்டத் துரை 1868இல் வெளிப்படுத்தினார். அதுவரை அது இல்லாமலா இருந்தது? அதற்குப் பின் நூற்றாண்டுக்கு மேலாக இத்தீவில் புதிய பறவையினம் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. எல்லாம் முடிந்ததென்று அறிஞர் புத்தகத்தை மூடியிருந்த நிலையில், 1995இல் தீபால் வரகாகொட என்பார் தென்மேற்கு மழைக்காட்டில் இனந்தெரியாத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்குரிய சிற்றாந்தையை அவர் கண்ணாற் கண்டது 2001 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஆந்தை இருந்ததா, இல்லையா என்று நாஸ்திகர்களே சொல்லட்டும். அன்றியும், ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கிறது. அதில் அன்று கண்ட பறவைகளை மாத்திரம் எண்ணி, நேற்றுக் கண்டவற்றை முற்றாக விட்டுவிடுகிறார்கள். இவ்விதமான ஒருதலைப்பட்சத்தால் எத்தனை லட்சம் பறவைகள் கணக்கிற் சேராமற் போயினவோ!

மேற்கூறிய சித்தாந்தத்தைப் பரீட்சிக்கும் வாய்ப்பு ஒரு மார்கழிக் காலையில் அதே பாலத்தருகே கிட்டியது. கொழும்பிலிருந்து வான் ஒன்றில் வந்திறங்கிய இளைஞர் குழுவொன்று, முதியவரின் சாட்சியத்தைக் கேட்டு, அது பூங்குருவியாயிருக்குமா, ஆறுமணிக்குருவியாயிருக்குமா என்று தர்க்கித்து நின்றது. நால்வர் கழுத்திலும் நல்ல விலையுள்ள தொலைநோக்கிகள் தொங்கின. அவர்களுடைய வாகனத்தின் முன்சக்கரத்துக்கு இரண்டு முழ தூரத்தில், நாம் மேலே ஈரநிலமென்று நிரூபித்த குழிகளுள் ஒன்றின் விளிம்பில், ஒரு சாம்பல் வாலாட்டி மேய்ந்துகொண்டிருந்தது. முதுகு நனைந்த கல்லின் நிறம். வாலடியில் மாத்திரம் பளிச்சென்ற மஞ்சள். இரண்டடி ஓடும், நிற்கும், உடம்பின் பின்பாதி முழுவதும் ஆடும்படி நீண்ட வாலை மேலும் கீழுமாக அசைக்கும், நீரின் ஓரத்தில் ஏதோ ஒரு நுண்பூச்சியைக் கொத்தும், மீண்டும் ஓடும். இதன் உறவான காட்டு வாலாட்டி வாலைப் பக்கவாட்டில் ஆட்டுவது. இக்குடும்பத்தில் அவ்வொன்று மாத்திரம் இவ்விஷயத்தில் ஏன் பிணங்கிக்கொண்டது என்பது வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது. இமயச் சாரலிலும் அதற்கப்பாலுள்ள வடபுலங்களிலும் குஞ்சு பொரித்து, பாரத கண்டம் முழுவதையும் கடந்து, இனித் தெற்கே தென்துருவக் கண்டம் வரை தண்ணீர்தான் என்னும் இத்தீவுக்கு வந்து, இங்குள்ள நீர்நிலைகள் யாவற்றுள்ளும் இக்குழியைத் தெரிந்தெடுத்துக்கொண்ட அப்பறவையை, இன்று இருந்த ஒரே குற்றத்துக்காக, ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

தர்க்கம் முடிந்து எல்லோரும் ஏறினர். சாரதி ஹோர்ன் அடித்தார். வாலாட்டி அலையலையாக எழுந்தும் தாழ்ந்தும் ஓயாவின் பக்கம் பறந்து போயிற்று.

"இப்ப ஒண்டு பறந்ததெல்லே? என்ன குருவி மச்சான் அது?"

"தெரியேல்லையடா. நல்ல வடிவான குருவி."

வாகனம் நின்றது, நால்வரும் இறங்கினர், வெகுநேரம் ஓயாவைப் பார்த்தனர். தேநீர்க் கடை முதியவரும் வெளியே வந்து, அதுதான், நேற்று நின்றதும் அதுவேதான் என்று உறுதி கூறினார். ஓர் இனம் உற்பத்தியாகும் தருணத்தை நேரிற் காணும் பாக்கியம் டார்வினுக்கும் கிட்டியதில்லை.

ஆகவே, ரிவர்ஸ்டனில் பறவை பார்க்க விரும்பும் வாசகர்கள் தாம் புறப்படத் தீர்மானித்த நாளுக்கு முந்திய நாளே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்களாக. வாடை மாதங்களிற் செல்வோர் கால்களிற் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, கொஞ்சம் உப்பும் துணியில் முடிந்துகொண்டு செல்லுதல் வேண்டும். அட்டை விஷயத்தில் முந்திய நாள், பிந்திய நாள் என்ற பேதம் கிடையாது.