கால் காசானாலும் கவர்மென்ட் குத்து

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சன் வந்து உட்கார்ந்துவிடுவார். 'இவர் மட்டும் புரொஃபஷனலாகப் போயிருந்தால் முகமது அலியை வீழ்த்தியிருப்பாரா, மாட்டாரா?' இதற்காக ரசிகர்கள் ஐம்பது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். சம்பந்தப்பட்ட இருவரும் ஒருவர்மீது ஒருவர் ஒரு குத்துகூட விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கதை ஃபிடல் காஸ்ட்ரோவில் தொடங்குகிறது. 1962இல் அவர் கியூபாவில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தடை போட்டார். காசுக்கு அடித்தால் முதலாளித்துவம், தேசத்துக்கு அடித்தால் சோஷலிசம். வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும் என்பதைப் புரட்சி கவனிக்கவில்லை. சுகர் ராமோஸ், ஹோசே நாப்போலஸ் மாதிரி விவரமானவர்கள் மெக்சிகோவுக்கு மூட்டை கட்டி, அங்கிருந்தே உலக சாம்பியன் ஆனார்கள். அப்போது பத்து வயதான ஸ்டீவன்சன் ஊரிலேயே இருந்து வளர்ந்தார். வளர்ந்தார் என்றால், ஆறேகால் அடிக்கும் மேலே.

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ். அமெரிக்காவின் தங்க நம்பிக்கை டுவேன் பாபிக், முந்தைய ஆண்டு பான் அமெரிக்கப் போட்டியில் ஸ்டீவன்சனைத் தோற்கடித்தவர். அந்த நினைப்பிலேயே வந்தார். மூன்றாவது ரவுண்டில் தரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு நினைப்பை மாற்றிக்கொண்டார். இறுதிப் போட்டிக்கு ருமேனியாவின் அயோன் அலெக்ஸே வரவேயில்லை; கட்டைவிரல் உடைந்திருந்தது. பாக்கி உடம்பு தப்பித்தது.

தங்கப் பதக்கம் கழுத்தில் ஏறியதும் அமெரிக்க புரமோட்டர்கள் பத்து லட்சம் டாலரோடு வந்தார்கள். எண்பது லட்சம் கியூபர்களின் அன்புக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பணமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் ஸ்டீவன்சன். வகுத்துப் பார்த்தால் அன்பு தலைக்குப் பன்னிரண்டரை சென்ட். அதற்குமேல் விலை பேசியவர்களுக்கும் அதே பதில்தான்.

இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் நம் ஊர் மாமனார்களைப் பார்க்காதவர்கள். ஸ்டீவன்சன் பார்த்தது பக்கா அரசாங்க உத்தியோகம்: சம்பளம், வீடு, கார், சோவியத்திலிருந்து வரவழைத்த பயிற்சியாளர், வருஷம் முழுக்கப் பயிற்சி. எதிரே வந்த அமெரிக்கப் பையன்களோ ஒரு ஒலிம்பிக்ஸோடு ஓடிப்போய்த் தனியாரில் சேர்கிற ரகம். அந்த ரிங்கில் அமெச்சூர் யார், புரொஃபஷனல் யார் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

சரி, உத்தியோகத்தை விட்டிருந்தால்? ரசிகர்கள் ஒரு சங்கிலிக் கணக்கு போடுவார்கள். 1972 அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் லாரி ஹோம்ஸை பாபிக் வென்றார். பாபிக்கை ஸ்டீவன்சன் வென்றார். 1980இல் அலியை ஹோம்ஸ் வென்றார். ஆகவே ஸ்டீவன்சன் அலியை வென்றிருப்பார். பிரமாதம். ஆனால் சோவியத்தின் இகோர் விசோட்ஸ்கி ஸ்டீவன்சனை 1973இல் ஒருமுறை, 1976இல் ஒருமுறை வென்றிருக்கிறார், இரண்டாவது தடவை நாக்-அவுட்டிலேயே. இந்தக் கணக்குப்படி சரித்திரத்திலேயே தலைசிறந்த ஹெவிவெயிட், புரொஃபஷனல் ரிங்கில் கால் வைக்காத விசோட்ஸ்கிதான்.

கணக்கைத் தள்ளிவிட்டு ஆளைப் பார்ப்போம். ஸ்டீவன்சனின் முறை எளிமையானது. இடது கையை நீட்டி நீட்டி எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று அளப்பார். அவசரமே கிடையாது. அளவு சரிப்பட்டதும் வலது கை இறங்கும், எதிராளியும் இறங்குவான். 1976 மான்ட்ரியலில் ஜான் டேட் முதல் ரவுண்டிலேயே இறங்கினார். இறுதிப் போட்டியில் மிர்சியா சிமோன் இரண்டு ரவுண்டு ஓடியே காலம் தள்ளினார். மூன்றாவதில் வலது கை வந்து சேர்ந்ததும் அவர் தரப்பிலிருந்து துண்டு பறந்தது. ஆனால் விசோட்ஸ்கி ஓடவில்லை. அளக்க இடமே கொடுக்காமல் மேலே வந்து விழுந்து அடித்தார். புரொஃபஷனல் ரிங்கில் ஜோ ஃபிரேசியருக்கு இதுதான் முழுநேர வேலை.

நேரமும் ஒரு சிக்கல். அமெச்சூரில் மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம். அன்றைய உலகப் பட்டப் போட்டியில் பதினைந்து ரவுண்டு, நாற்பத்தைந்து நிமிஷம். சிமோனே இரண்டு ரவுண்டு காக்க வைத்தார் என்றால், 1974இன் அலி பன்னிரண்டு ரவுண்டு காக்க வைத்திருப்பார், வாயை ஒரு நிமிஷமும் மூடாமல். ஒலிம்பிக்ஸிலிருந்து நேராக உலகப் பட்டத்துக்குத் தாவியவரும் உண்டு. 1957இல் பீட் ராடமாக்கர் தன் முதல் புரொஃபஷனல் சண்டையிலேயே ஃபிளாய்ட் பாட்டர்சனோடு மோதினார். இரண்டாவது ரவுண்டில் சாம்பியனை விழ வைத்தார். அதன் பிறகு விழுகிற வேலை முழுக்க அவருடையதாகிவிட்டது. ஆறாவதில் சண்டை முடிந்தது.

பின்னாளில் எல்லை தாண்டிய கியூபர்களின் கதையும் எச்சரிக்கைதான். ஹோர்ஹே லூயிஸ் கொன்சாலெஸ் 1987இல் ரிடிக் போ, லெனாக்ஸ் லூயிஸ் இருவரையும் அமெச்சூரில் வென்றவர். தப்பி வந்து, புரொஃபஷனலாகி, 1995இல் அதே போவிடம் வாய்ச்சவடாலோடு போனார். ஆறாவது ரவுண்டில் சவடாலும் ஆளும் சேர்ந்து படுத்தன.

ஆனாலும் என் ஓட்டு ஸ்டீவன்சனுக்கே. அவரிடம் உதை வாங்கிய பாபிக், புரொஃபஷனலாகி 38 சண்டை தோற்காமல் ஆடினார் (39ஆவதில் கென் நார்ட்டன் 58 வினாடியில் கதையை முடித்தார்). ஒரே ரவுண்டில் சாய்ந்த ஜான் டேட் 1979இல் உலக சாம்பியனே ஆகிவிட்டார். 1978இல் அலியைத் தோற்கடித்த லியான் ஸ்பிங்க்ஸுக்கு அது எட்டாவது புரொஃபஷனல் சண்டை. ஆக, 1974இன் அலியிடமும் ஃபோர்மனிடமும் ஸ்டீவன்சன் சிரமப்பட்டிருப்பார். எழுபதுகளின் கடைசியில் பட்டம் அவருக்கு நிச்சயம்.

பட்டத்துக்கு அப்புறம்தான் நிஜமான எதிராளி வருவார்: புரமோட்டர் டான் கிங். ஹோம்ஸுடன் 1980இல் மோதியதற்கு, பத்து லட்சம் டாலருக்குமேல் பாக்கி என்று அலியே கிங்மீது வழக்குப் போட்டார். கிங் தரப்பிலிருந்து ஒரு சூட்கேஸில் 50,000 டாலர் ரொக்கம் வந்தது, வழக்கு வாபஸ். அலிக்கே அந்த நாமம் என்றால் ஹவானாவிலிருந்து வந்தவருக்கு எந்த அகலத்தில் போட்டிருப்பார்கள்? அந்த விதத்தில் காஸ்ட்ரோ தேவலை. குறைவாகக் கொடுத்தார், குறைவாகத்தான் கொடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

1996இல் அலி, கியூபர்களுக்கு மருந்து உதவி எடுத்துக்கொண்டு ஹவானாவுக்கு வந்தபோது காஸ்ட்ரோ, அலி, ஸ்டீவன்சன் மூவரும் ஒரே கூடத்தில் நின்றார்கள். அலி ஒரு ரப்பர் கட்டைவிரலுக்குள் கைக்குட்டையை ஒளித்து வித்தை காட்டினார். காஸ்ட்ரோ அசந்துபோக, அந்த விரலை அவருக்கே கொடுத்துவிட்டார். இத்தனை வருஷப் பேச்சுக்கு அலியிடமிருந்து கியூபா பறித்தது மொத்தமும் அவ்வளவுதான்.