பஞ்ச பூதங்களின் பாகப் பிரிவினை

தமிழ்த் திரையிசை என்னும் விஸ்தாரமான பூர்வீகச் சொத்தில் பஞ்ச பூதங்கள் ஐந்துக்கும் சமபாத்தியதை உண்டென்று நியாயம் சொல்லுமாயினும், காற்றும் நீரும் நன்செய்யையெல்லாம் வளைத்துக்கொண்டு சுகஜீவனம் நடத்த, பூதங்களின் ஜாபிதாவிலேயே பெயரில்லாத சந்திரனோ ஒரு துண்டுப் பத்திரமும் இல்லாமல் மச்சு வீட்டில் குடியேறிவிட்டதை, வானொலிப் பெட்டியின் அருகிலேயே வாலிபத்தைக் கழித்த என் போன்றோர் நன்கறிவோம்.

சந்திரனுக்குக் கிடைத்த சலுகை கொஞ்சநஞ்சமல்ல. 1955-இல் 'மிஸ்ஸியம்மா'விலும் இரண்டு வருஷம் கழித்து 'மாயா பஜா'ரிலும் மார்க்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர் காட்டிய நிலவொளியைப் பார்த்துவிட்டு வந்த என் தகப்பனார், கொட்டகைக்கு வெளியே நின்ற மெய்யான பௌர்ணமியை அண்ணாந்து நோக்கி, "அவ்வளவு சுகமில்லை" என்று உதட்டைப் பிதுக்கினாராம். 1969 மே மாதம் வெளியான 'அடிமைப் பெண்'ணில், புலமைப்பித்தன் எழுதிக் கே. வி. மகாதேவன் இசையமைத்த பாட்டிலே, அப்போது இளைஞரான எஸ். பி. பாலசுப்பிரமணியம் ஆயிரம் சந்திரர்களுக்கு ஒரேயடியாக அழைப்பு விடுத்தார். அதே வருஷம் ஜூலையில், அமெரிக்கர்கள் கோடிகோடியாக டாலரைக் கொட்டிப் போய் இறங்கியதோ ஒரே ஒரு சந்திரனில்தான்.

காற்றின் சங்கதி வேறு. 1945-இல் 'மீரா'வுக்காகக் கல்கி இயற்றிய பாட்டை எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடிய நாள்தொட்டு, சங்கீதத்தைச் சுமந்துவரும் உத்தியோகம் அதற்கு நிரந்தரமாயிற்று. 1965-இல் 'கலங்கரை விளக்க'த்தின் கதாநாயகர் உலாவப் போன இடத்தில் அது வாலியின் தயவால் கவிதையே வழங்கிற்று. அதே நம்பிக்கையோடு மெரினாவுக்குச் சென்ற எனக்குக் கிடைத்ததெல்லாம் மணல் கலந்த தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல்தான். வாயுவும் பிருதிவியும் ஒரே பொட்டலத்தில்!

இந்த அக்கிரமத்தைக் காணச் சகியாமல், 2000-ஆம் ஆண்டில் 'ரிதம்' படத்தில் இயக்குநர் வசந்தும் கவிஞர் வைரமுத்துவும் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானும் மத்தியஸ்தர்களாக அமர்ந்து, பூதத்துக்கு ஒரு பாட்டு வீதம் ஐந்தையும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நதியைப் பெண்ணாகப் பாவித்து உன்னிமேனன் பாடும் பாட்டு, ஐந்திலும் உத்தமமானது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். சென்னை ஏரிகள் வறண்டு கிடந்த 2019 கோடையில், தெருமுனையில் குடமும் கையுமாக நின்று அதை நான் மெய்ம்மறந்து முணுமுணுத்தபோது, முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "சார், பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க, லாரி ஹாரன் காதுல விழமாட்டேங்குது" என்று கேட்டுக்கொண்டார். ரஸிகத்தன்மைக்கு அது காலமல்லதான். நிலத்துக்கான பாட்டிலோ, காதலிக்காகக் காத்திருப்பவன் பூமியின் பொறுமையையே வென்று காட்டுவதாகச் சபதம் செய்கிறான். குடிநீர் லாரிக்காகக் காத்திராத பிள்ளை!

ஆனால் இந்தப் பிரிவினையிலும் அக்கினி பகவானுக்கு நீதி கிடைத்ததா என்றால், இல்லை. மற்ற பூதங்களுக்கு உருக்கமும் தத்துவமும் ஒதுக்கப்பட, அவருக்கு அளிக்கப்பட்டது ரம்யா கிருஷ்ணனின் துள்ளாட்டப் பாட்டு. துள்ளாட்டத்தில் எனக்கு விரோதமில்லை. எனினும், ஹோம குண்டத்தில் தொடங்கி, வில்லனுடைய கிடங்கை எரிக்கும் கடைசிக் காட்சி வரையில் எத்தனையோ படங்களில் பாட்டே இல்லாமல் உழைத்த ஒரு தேவதைக்கு இதுவா சன்மானம்? 2016-இல் 'கபாலி'க்காக அருண்ராஜா காமராஜ் எழுதிய பாட்டு அவருடைய பெயரை முழங்கியதென்றாலும், அந்தப் பெயரையும் ரஜினிகாந்த் பட்டமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதைப் பற்றி நான் மனம் வெதும்பிப் பேசிக்கொண்டிருக்கையில், தோசைக்கல்லின் முன்னே நின்ற என் மனைவி, "பாட்டு எழுதறவங்க ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்த்திருந்தால்தானே?" என்றாள். சபை முழுவதும் என்னையே நோக்கியதுபோல் இருந்தது. சபையில் நாங்கள் இருவர்தாம்.

எஞ்சியது ஆகாசம். விண்மீனைப் பற்றிய ஒரு மெல்லிய பாட்டைப் பெற்றுக்கொண்டு, அது முணுமுணுக்காமல் ஒதுங்கி நிற்பதைக் கண்டு நான் முதலில் இரங்கினேன். பிறகு தர்க்க சாஸ்திரப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோதல்லவா சூட்சுமம் விளங்கிற்று! சப்தமென்பது ஆகாசத்துக்கே உரிய குணம் என்று அதில் ஸ்பஷ்டமாக எழுதியிருக்கிறது. அப்படியானால் நிலாப் பாட்டு, மழைப் பாட்டு, துள்ளாட்டப் பாட்டு அனைத்துக்கும் மூல பத்திரம் ஆகாசத்தின் பெட்டியில் இருக்கிறது; ராயல்டி பாக்கியை வட்டியுடன் கணக்கிட்டு அது எப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்போகிறதோ, தயாரிப்பாளர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.