கூரையில் காயும் வெந்நீர்

கேள்வி: ஒரே கூரை மின்சாரமும் வெந்நீரும் தருமாமே, கொங்கு நாட்டுக்குச் சரிப்படுமா?

பதில்: திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குத்தான் முதலில் சரிப்படும். சோலார் பலகை தன்மேல் விழும் வெயிலில் சுமார் 20 சதவீதத்தையே மின்சாரமாக்குகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி வெறும் சூடு. அந்தச் சூடு பலகைக்கே பகை: 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் சரியும். பின்புறக் குழாயில் தண்ணீர் ஓடினால் பலகை குளிரும், தண்ணீர் சுடும். 'வெதுவெதுப்புத் தண்ணீர் பட்டறைக்கு எம்மாத்திரம்?' என்பார்கள். பருத்தித் துணிக்கான பல சாயங்களுக்கு 60 டிகிரி போதும். 28 டிகிரித் தண்ணீர் 45 ஆகி பாய்லருக்குள் போனால், அதைக் காய்ச்சும் விறகில் ஏறத்தாழ பாதி மிச்சம். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய மில்களின் ரம்பப்பல் கூரையைப் பாருங்கள்: வடக்கே கண்ணாடி, தெற்கே சரிவு. புதுப் பட்டறை கட்டுவோர் அந்தச் சரிவில் தகரத்துக்குப் பதில் இந்தப் பலகையையே வேயலாம். தகரச் செலவு அதில் கழியும்.