சொல்லிட்டேன், போய்ப் பாருங்க

காவிரி டெல்டாவில் ஒரு சட்டமன்றத் தொகுதி. பெயர் வேண்டாம். சொன்னால் பக்கத்துத் தொகுதிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், "எங்காளைப் பத்தி எழுதிட்டு வேற ஊர்ப் பேரைப் போட்டிருக்கீங்களே" என்று. அதன் உறுப்பினரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். ஊரும் அப்படித்தான் வைத்திருக்கிறது. எழுபது வயசுப் பெரியவர்கூட ஐம்பது வயசு எம்.எல்.ஏ.வை "அண்ணே" என்றுதான் கும்பிடுகிறார்.

அண்ணனுக்கு இரண்டு ஆபீஸ். ஒன்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம். பெயர்ப் பலகை, தலைவர்கள் படம், சுழல் நாற்காலி எல்லாம் உண்டு, ஆள்தான் கிடையாது. இன்னொன்று அவர் வீட்டு வாசல். அங்கே காலை ஆறு மணிக்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிடும். ஆபீஸில் கொடுக்கும் மனு மனுவாகவே இருந்துவிடும், வீட்டில் கையில் கொடுத்தால்தான் காரியமாகும் என்பது தொகுதியின் அனுபவம். அதிலும் அவர் பல் துலக்கும்போது பிடித்துவிட வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். வாய் நிறைய நுரை இருக்கும்போது மனுஷனால் தலையைத்தான் ஆட்ட முடியும். அண்ணனுக்கு மேலும் கீழும் ஆட்டித்தான் பழக்கம்.

முன்வரிசையில் ஒரு பாட்டி.

"ஏன் தம்பி, ஒனக்குத்தானே குத்தினேன். நாலு மாசமா பணம் வரலியே."

முதியோர் உதவித்தொகை, அதாவது ஓஏபி, மாதம் 1,200 ரூபாய். அண்ணன் திரும்புவதற்குள் பி.ஏ. நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை நீட்டிவிடுகிறார்.

"தாசில்தார் சார், வணக்கம், நான்தான். நம்ம பெரியம்மா ஒருத்தவங்களுக்கு ஓஏபி நின்னுபோச்சாம். கொஞ்சம் பாத்து விடுங்க."

"அனுப்பிவிடுங்க சார், பாத்துருவோம்."

"சொல்லிட்டேம்மா, போய்ப் பாருங்க."

பாட்டிக்குப் பரம திருப்தி. எம்.எல்.ஏ. பேசியதும் அதிகாரி பணிந்ததும் அவள் காதாலேயே கேட்டாயிற்று. தாலுகா ஆபீஸுக்குப் போன பிறகுதான் தெரியவரும், ஓஏபி இந்தத் தாசில்தார் வேலையே இல்லை என்று. சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். அவர் அறை மாடியில். பாட்டிக்கு முழங்கால் வலி. எப்படியோ ஏறிப் போனால் அங்கே ஆதாரைக் கேட்பார்கள், பாஸ்புக்கைக் கேட்பார்கள், பேங்க்கில் போய் இணைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். மாதம்தோறும் பணம் கொண்டுவரும் வங்கி முகவர்ப் பெண்ணைக் கேட்டிருந்தாலே தெருவில் நின்றபடி சொல்லியிருப்பாள். ஆனால் அவளைப் போய் யாராவது சிபாரிசு கேட்பார்களா!

சிபாரிசில் தரம் உண்டு. வெளியாட்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். "கொஞ்சம் பாத்து விடுங்க" என்றால் பார்த்தால் போதும். "விதிப்படி என்ன உண்டோ செய்யுங்க" என்றால் செய்ய வேண்டாம். "நம்ம பையன் சார்" என்றால் ஏதாவது செய்ய வேண்டும். போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வேப்ப மரம் வரை நடந்து போய்ப் பேசினால் மட்டும் அது உண்மையிலேயே அண்ணனுடைய வேலை. கடிதமும் அப்படியே. லெட்டர்பேடில் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டு ஒரு நாளைக்குப் பத்தாவது போகும். கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்னால் போன் வந்ததா என்பதைத்தான் பிரிவு எழுத்தர் முதலில் விசாரிப்பார்.

அண்ணன் ஊரை ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. முடியாது என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். சொல்லிப் பழகியவர்கள் யாரும் இரண்டாவது முறை ஜெயித்ததாக அந்தத் தொகுதியில் வரலாறு இல்லை.

தை, மாசியில் வாசல் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிகள் வருவார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டை போடமாட்டார்கள். அந்த அளவைத் தளர்த்த வேண்டுமானால் டெல்லி உத்தரவு போட வேண்டும். நனைந்த நெல்லோடு நிற்கிறவனுக்கு டெல்லி தூரம், அண்ணன் பக்கம். அண்ணன் போவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலில் ஏறுவார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, "கடக்குன்னு ஒடையுதே, காஞ்சுதானே கெடக்கு?" என்பார். பட்டியல் எழுத்தர் மரியாதையாக மீட்டரைக் காட்டுவார்: 19.8. அண்ணன் மண்டல மேலாளருக்குப் போன் போடுவார். "சொல்லிட்டேன்" என்பார். அண்ணன் சொன்னால் தாசில்தார் இறங்குவார், மீட்டர் இறங்குவதில்லை. மறுநாள் வெயில் அடித்து, நெல்லைக் கிளறிவிட்டு, அளவு 16.9-க்கு வந்ததும் விவசாயிகள் பேசிக்கொள்வார்கள்: "என்ன இருந்தாலும் அண்ணன் வந்து போனதும் எடுத்துட்டாங்கப்பா." இப்படிச் சூரிய பகவான் செய்த தொகுதிப் பணியும் அண்ணன் கணக்கில் ஏறும். அவர் செய்தது ஏறாமல் போவதும் உண்டு என்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

தொகுதியின் உண்மையான சட்டமன்றம் கல்யாண மண்டபம்தான். பெரிய முகூர்த்தம் வந்துவிட்டால் பி.ஏ. முந்தின இரவே பத்திரிகைகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்துவிடுவார். நேரில் வந்து தாம்பூலத்தோடு வைத்தவர்கள் ஒரு வரிசை, கட்சிக்காரர் மூலம் கொடுத்துவிட்டவர்கள் ஒரு வரிசை, தபாலில் வந்தவை ஓர் ஓரம். பிறகு முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு மண்டபம் தூரம், வழியில் ரயில்வே கேட் எல்லாம் பார்த்து ரூட் போடுவார். கலெக்டரேட்டில் இவ்வளவு திட்டமிட்டு வேலை நடந்தால் நாட்டில் மனு என்ற ஒன்றே இருக்காது.

அண்ணன் நுழைந்ததும் மைக் அலறும். ஐயர் மந்திரத்தை நிறுத்துவார். அண்ணன் மாப்பிள்ளையிடம், "தம்பி என்ன பண்றீங்க?" என்பார். "சிங்கப்பூர்ல இருக்கேன்ணே." "சந்தோசம், சந்தோசம்." கவர், கைகூப்பு, போட்டோ. இவ்வளவும் நான்கு நிமிடம். அடுத்து வருவதுதான் ஆபத்து: "ஒரு வாய் சாப்ட்டுத்தான் போவணும்." சாப்பிடாமல் போனால் பெண் வீட்டார் என்ன சாதி என்பதிலிருந்து பந்தியில் என்ன குறை என்பது வரை அர்த்தம் கற்பிக்கப்படும். ஆகவே உட்கார வேண்டும். கேசரியில் ஒரு விள்ளல், பொங்கலில் ஒரு கவளம், வடையைப் பிய்த்துப் போட்டுவிட்டு இலையை மூட வேண்டும். காலை ஒன்பதுக்குள் ஐந்து இலை. அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். "அதெல்லாம் இன்னிக்கு ஒருநாள் பாக்காதீங்கண்ணே" என்று பாயசத்தை ஊற்றுவது அவர்மேல் உள்ள பிரியத்தினால்தான்.

ஒருமுறை ஒரே பெயரில் இரண்டு மகால் இருந்ததில் பி.ஏ. தடுமாறிவிட்டார். அண்ணன் கம்பீரமாக நுழைந்து, முன்பின் தெரியாத ஒரு ஜோடியை வாழ்த்தி, கவர் கொடுத்து, சாப்பிட்டும் விட்டார். அந்த வீட்டுக்காரர் இன்று வரை அண்ணனின் பரம ரசிகர், "அழைக்காமலே வந்தாரய்யா!" என்று. ஓட்டு மட்டும் அவருக்குப் பக்கத்துத் தொகுதியில். அழைத்துவிட்டுக் காத்திருந்தவரோ எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார்.

எம்.எல்.ஏ. சம்பளம் 2018-இல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாய் ஆனபோது ஊரெல்லாம் முணுமுணுத்தது. ஊருக்கு மொய்க் கணக்குத் தெரியாது. ஆவணியும் தையும் அண்ணனுக்கு நஷ்ட மாதங்கள். ஆடியும் மார்கழியும் வந்தால்தான் அண்ணி நகையை மீட்பார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கோயில் கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் கை நீள வேண்டும். கல்யாணத்தைத் தவறவிட்டாலாவது மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சமாளிக்கலாம். எழவைத் தவறவிட்டால் அது தேர்தலன்றுதான் தெரியும். அதனால் காரின் டிக்கியில் எப்போதும் ஒரு மாலை இருக்கும்.

"அதான் வருசத்துக்கு மூணு கோடி குடுக்குறாங்களே" என்பார்கள் டீக்கடையில். தொகுதி மேம்பாட்டு நிதி ஏதோ சாக்குமூட்டையில் அண்ணன் வீட்டுப் பரணுக்கு வந்து சேருவதாக ஒரு நினைப்பு. அண்ணன் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்ன வேலை செய்யலாம் என்று அவர் பரிந்துரைக்கலாம். மதிப்பீடு போடுவது பொறியாளர், நிர்வாக அனுமதி தருவது கலெக்டர், டெண்டர் விடுவது ஒன்றியமோ நகராட்சியோ. 2021 தேர்தலில் மாநிலத்தில் 6.28 கோடி வாக்காளர்கள், 234 தொகுதி, சராசரி ஒரு தொகுதிக்கு 2.68 லட்சம் பேர். 3 கோடியைப் பங்கு போட்டால் ஆளுக்கு 112 ரூபாய் வரும். அரை பிளேட் பிரியாணி. அப்போது சோழிங்கநல்லூரில் ஏழு லட்சத்தை நெருங்கும் வாக்காளர்கள், துறைமுகத்தில் இரண்டு லட்சம்கூட இல்லை. நிதி இரண்டு தொகுதிக்கும் ஒன்றுதான். சோழிங்கநல்லூர்க்காரருக்கு டீயும் வடையும்தான் மிஞ்சும்.

இந்த நிதியில் விளைவது பெரும்பாலும் நிழற்குடை. மூன்று பேர் உட்காரலாம். நெற்றியில் அண்ணன் பெயரும் படமும். ஊர்ப் பெயர் ஒரு ஓரமாக இருக்கும், கண்ணாடி போட்டால் தெரியும். தேர்தல் அறிவித்ததும் அதிகாரிகள் வந்து அண்ணன் பெயர்மேல் காகிதம் ஒட்டுவார்கள். அந்த நாள்களில் மட்டும் எந்த ஊரில் நிற்கிறோம் என்று பயணிகளுக்குத் தெரியும்.

2022-இல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக, நீண்ட நாள் நிறைவேறாத பத்து வேலைகளை எழுதி அனுப்பச் சொல்லி 234 உறுப்பினர்களுக்கும் முதலமைச்சரிடமிருந்து கடிதம் போனது. எதிர்க்கட்சியினருக்கும் சேர்த்துத்தான். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணனுக்கு அன்று தூக்கமில்லை. தெருவுக்குப் பத்து வாக்குக் கொடுத்து வைத்திருக்கிற மனிதரிடம் தொகுதிக்குப் பத்து என்றால் எப்படி? புறவழிச்சாலையை எழுதினால் கலைக்கல்லூரி கேட்டவர்கள் வருவார்கள், கல்லூரியை எழுதினால் ஆற்றுப்பாலத்துக்காரர்கள் வருவார்கள். கடைசியில் பட்டியலில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்ட ஒவ்வொருவரிடமும் "ஒங்களுதுதான் மொதல்ல" என்றார்.

இதில் ஆளுங்கட்சி அண்ணன் பாடு பெரும்பாடு. எதிர்க்கட்சி என்றால் "நம்மளைச் செய்ய விடமாட்டேங்குறாங்கப்பா" என்று ஐந்து வருடத்தை நிம்மதியாக ஓட்டிவிடலாம். ஆளுங்கட்சிக்காரருக்குச் சாக்கு கிடையாது. போதாததற்கு மாவட்டச் செயலாளர் மேலே இருக்கிறார். பூமி பூஜைக்கு அண்ணன் நாள் குறிக்கலாம். மண்வெட்டியை யார் பிடிப்பது என்பது அங்கேதான் முடிவாகும்.

சட்டம் இயற்றுவது என்று ஒரு வேலையும் உண்டு. அவை அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு ஐம்பது நாள்கூடக் கூடுவதில்லை. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் கோட்டைக்குப் போவார். மானியக் கோரிக்கையில் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் பெரும்பகுதி தலைமையைப் புகழ்வதில் போய்விடும். இது வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே தம் கட்சி உறுப்பினர்களை அவையில் கண்டித்துப் பார்த்தார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? மணி அடித்ததும், வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டித்தர "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் முன்வருவார்களா என்று பேரவைத் தலைவர் வாயிலாகக் கேட்டு அமர்கிறேன்" என்று அமர்வார். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். தாமே தினமும் வாசலில் சொல்லும் பதிலை வேறொருவர் தமக்குச் சொல்லும்போது அண்ணன் முகம் அந்தப் பாட்டியின் முகம்போலவே மலர்ந்துவிடுகிறது. கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் மசோதாக்கள் வரிசையாக நிறைவேறும். எதற்குக் கைதூக்கினார் என்று தொகுதியில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அதையும் பி.ஏ.தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகூர்த்த நாளில் போகாதீர்கள். மனுவில் செல்போன் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள். அதன் நகல் ஒன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரியம் நடந்தால் பெரும்பாலும் அதனால்தான் நடக்கும், நன்றியை மறக்காமல் அண்ணனுக்குச் சொல்லுங்கள். வீட்டில் விசேஷம் இருந்தால் கையோடு ஒரு பத்திரிகையும் வைத்துவிட்டு வாருங்கள். பட்டா வராவிட்டாலும் அண்ணன் வந்துவிடுவார்.