லிஸ்ட் அண்ணாச்சி

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் தெருவுக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர், கோயில் கொடையில் வரி நோட்டு வைத்திருப்பவர் இவரே. முகூர்த்தமும் கொடையும் இல்லாத மார்கழியில் பாவம், கை அரிக்கும். அப்போது பார்த்துத்தான் அகத்தியர் மலைக்கு ஆன்லைன் பதிவு தொடங்கப்போவதாகக் கேரள வனத்துறை அறிவிக்கும்.

மலை என்னவோ எங்களுடையது மாதிரிதான். அங்கே ஊறி வரும் தாமிரபரணியைத்தான் பிறந்தது முதல் குடிக்கிறோம். ஆனால் 1,868 மீட்டர் உச்சிக்குப் போக, செங்கோட்டை தாண்டி, தென்மலை, பாலோடு வழியாக விதுரா போய், போணக்காட்டில் இறங்கி நடக்க வேண்டும். பொங்கலையொட்டிக் கதவு திறந்தால் மாசியோடு சரி. தமிழுக்கு இலக்கணம் வகுத்ததாகச் சொல்லப்படும் முனிவரைப் பார்க்க மலையாளத்தில் அனுமதி வாங்குகிறோம்.

அண்ணாச்சி உடனே ‘பொதிகைச் சிங்கங்கள்’ என்று வாட்ஸ்அப் குரூப் தொடங்குவார். அன்று ராத்திரிக்குள் இருபத்திரண்டு சிங்கங்கள் சேர்ந்துவிடும். மறுநாள் “எல்லாரும் ஆதார் காப்பி அனுப்புங்க” என்பார். பதினான்கு சிங்கங்களிடமிருந்து மூச்சே வராது.

“ஏலே, ஆதார் என்னாச்சு?”

“அனுப்புதேன் அண்ணாச்சி. அங்க பரோட்டா கிடைக்குமா?”

இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லை. நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பார்.

அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீள நோட்டு, காக்கி அட்டை, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். பெயர், வயது, ஆதார் எண், ரத்த வகை, செருப்பா ஷூவா. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘குறட்டை’. ராத்திரி தங்கும் அதிருமலை முகாமில் எல்லாரும் வரிசையாகப் படுக்க வேண்டுமாம். யாருக்குப் பக்கத்தில் யாரைப் போடுவது என்று டிசம்பரிலேயே முடிவு செய்தாக வேண்டுமாம். தகவலை வீட்டுக்காரம்மாக்களிடம் கேட்டு வாங்கியிருப்பார். அதில் ஒரு அம்மா, “அப்ப எங்க பேரு ஏன் லிஸ்ட்டுல இல்ல?” என்று திருப்பிக் கேட்டுவிட்டார். பெண்களும் ஏறலாம் என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியிலேயே தன்யா சனல் என்ற பெண் உச்சி வரை ஏறிவிட்டார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அண்ணாச்சி மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

பதிவு நாளன்று அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, மகன் லேப்டாப் முன்னால் உட்கார்வார். ஒரு நாளைக்கு விடுவதே கொஞ்சம் பேரை. சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சட்டமன்றத் தேர்தல் முடிவுக்குக்கூட வீட்டில் இவ்வளவு அமைதி இருந்ததில்லை. ஓடிபி வந்த நேரத்தில் “அண்ணாச்சி, அங்க டவர் எடுக்குமா?” என்று போன் செய்தவரை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அனுமதி வந்தபின் ட்ரெயினிங். விடிகாலை வாய்க்கால் கரையில் நடை. அது டீக்கடையில் ஆளுக்கு ரெண்டு உளுந்த வடையோடு நிறைவுபெறும். அடுத்தது மருத்துவச் சான்றிதழ். அதை முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. ஏறுவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் வாங்கியதுதான் செல்லும். ஆகவே எட்டுப் பேரையும் ஒரே நாளில் டாக்டரிடம் ஓட்டிப் போவார். ஒருவருக்குப் பிரஷர் கூடுதலாகக் காட்டியது. “வெளிய நிக்காருல்லா, அவரைப் பாத்துதான் டாக்டர்” என்றார் அவர்.

போணக்காடு சோதனைச் சாவடியில்தான் சிக்கல். வனத்துறையிடம் அவர்களுடைய லிஸ்ட் இருக்கிறது. அண்ணாச்சி நீட்டிய நீள நோட்டை யாரும் வாங்கவில்லை. பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரமும் அவர்களுக்கே. முன்னால் நடக்கிறவர் வழிகாட்டி; கடைசி ஆள் வந்தாச்சா என்று பார்க்கிறவரும் இன்னொரு வழிகாட்டி. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அண்ணாச்சி தன் சிங்கங்களை எண்ணத் தொடங்க, “சேட்டா, வரியாயிட்டு நடக்கணும்” என்று ஒரு குரல் வந்தது. அண்ணாச்சியை வரிசையில் நிற்கச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

உச்சிக்கு? மறுநாள் போனார்கள். கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறி, அகத்தியர் சிலையைக் கும்பிட்டு, நடுங்கிக்கொண்டே போட்டோ எடுத்து இறங்கினார்கள். அண்ணாச்சிதான் சுரத்தே இல்லாமல் இருந்தார்.

ராத்திரி முகாமில் கஞ்சி கொடுக்குமிடத்தில் கூட்டம் நெரிந்தது. யார் முதலில் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்தே நிமிடம், நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, கோடு போட்டு, கொல்லத்துக்காரர்களையும் திருச்சூர்க்காரர்களையும் தனித்தனியே நிறுத்தியிருந்தார் அண்ணாச்சி.

“பேரு சொல்லுங்க. பயறு வேணுமா, வேண்டாமா? ஏ தம்பி, நீ எங்க உள்ள நுழையுத?”

அந்தத் தம்பி, முந்தின நாள் அவரை வரிசையில் நிற்கச் சொன்ன வழிகாட்டி.